பரணில் உருண்ட பேனா

போன மாரியில் ஒரு நாள், கடைப் பரணில் குனிந்து நின்று கொப்பிக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த பேனாவைப் பக்கத்தில் வைத்தேன். அது உருண்டது. அவசரமில்லாமல் உருண்டு, பலகையின் நடுவுக்குப் போய் நின்றது. எடுத்து மறு ஓரத்தில் வைத்தேன். அங்கிருந்தும் நடுவுக்கே வந்தது. மூன்றாம் முறை வைத்துப் பார்க்க மனம் வரவில்லை. அந்த நடுவுக்கு நேர் கீழேதான் என் போட்டோப் பிரதி இயந்திரமும், நாள் முழுவதும் நான் உட்காரும் கதிரையும் இருக்கின்றன.

திருகோணமலை நகரத்தில் சிறிய காகிதாதிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி, பென்சில், கொம்பாஸ் பெட்டி, போட்டோப் பிரதி, மார்கழியில் கலண்டர். இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊர் இது. விற்காமல் கிடக்கும் கொம்பாஸ் பெட்டியின் கீல் ஆறு மாதத்தில் துருப்பிடித்துவிடும். அப்படிப்பட்ட காற்றில் ஒட்டுப்பலகை என்ன பாடுபடும் என்று யோசிக்காமல் பரண் கட்டியது என் பிழை.

கட்டி இரண்டு வருடங்கள் ஆகின்றன. பத்தடி அகலம், எட்டடி ஆழம். பலகை வாங்கப் போன இடத்தில் “எது நல்லது?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியே பிழை என்பது இப்போது தெரிகிறது. கடைக்காரர் செந்நிறமாக மினுங்கும் ஒரு பலகையை இழுத்துக் காட்டி, “வோட்டர்ப்ரூஃப், அக்கா” என்றார். தடவிப் பார்த்தேன். ஒரு முடிச்சு இல்லை, ஒரு கீறல் இல்லை. பெண் பார்க்கப் போன மாமியார் மாதிரி முகத்தை மட்டும் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தேன். கனம் 12 மில்லிமீற்றர். “பரணுக்கு இது தாராளம்” என்றார். பரணில் என்ன வைக்கப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பேனா உருண்ட மறுநாள் கிண்ணியாவிலிருந்து ஒரு ஓடாவியைக் கூப்பிட்டேன். தோணி கட்டிப் பழகிய கை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, மரச் சாமான்களோடு பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் கடலைக் கடந்து நகரத்துக்கு வேலைக்கு வந்தவர். எல்லோரும் அவரை நானா என்றுதான் அழைப்போம். பரணில் ஏறியவர் முதலில் எதுவும் பேசவில்லை. விரல் முட்டியால் பலகையைத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் டொக் என்று மாறியது. அங்கே விரலை வைத்து, “உள்ளே காலி” என்றார். பிறகு பேனாக்கத்தியை ஓரத்தில் செருகி மெல்ல நெம்பினார். மழையில் நனைந்து காய்ந்த கொப்பியின் தாள்கள் பிரிவதுபோல் பலகை பிரிந்தது. தாள் தாளாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“தங்கச்சி, இது அலுமாரிப் பலகை. நீங்கள் இதற்கு மேலே லொறியை நிறுத்தியிருக்கிறீர்கள்” என்றார்.

லொறி என்றது மிகையில்லை. அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 கிராம் ஏ4 தாள், 500 தாள் கொண்ட ஒரு றீம், இரண்டரைக் கிலோ. ஒரு பெட்டியில் ஐந்து றீம், பன்னிரண்டரைக் கிலோ. பெட்டி நிற்கும் இடம் ஓரடி நீளம், முக்கால் அடி அகலம். ஆறு பெட்டி அடுக்கினால் அந்தச் சிறு சதுரத்தில் 75 கிலோ. சதுர மீற்றருக்கு மாற்றினால் ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது. வீட்டில் ஆட்கள் புழங்கும் அறைத் தளத்துக்குப் பொறியியலாளர்கள் வழக்கமாக எடுக்கும் கணக்கு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். பள்ளித் தவணை தொடங்குவதற்கு முன் நான் பரணில் ஏற்றி வைக்கும் சரக்கு அதைப்போல ஆறேழு மடங்கு. காகிதம் விற்கிறவளுக்குக் காகிதத்தின் பாரம் தெரியவில்லை.

இனிப் பலகையின் விஷயம். ஒட்டுப்பலகை எப்படி உருவாகிறது என்பது என் தொழிலில் தினமும் பார்க்கும் காட்சிதான். பென்சிலைச் சீவியில் வைத்துத் திருகினால் சுருள் சுருளாக மெல்லிய தோல் வருகிறதல்லவா? அதேபோல் மரத்தடியைச் சுழலவிட்டு, நீளமான கத்தியால் தகடாகச் சீவி எடுக்கிறார்கள். அந்தத் தகடுகளை ஒன்றின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் மாற்றி மாற்றி அடுக்கி, பசையிட்டு, சூட்டில் அழுத்துகிறார்கள். பெரும்பாலும் தகடுகளின் எண்ணிக்கை 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் இருக்கும். அப்போதுதான் மேல்முகமும் கீழ்முகமும் ஒரே திசையில் ஓடி, பலகை முறுக்கிக்கொள்ளாமல் சமநிலையில் நிற்கும்.

வளையும்போது பெரும்பாரத்தை ஏற்பவை வெளித் தகடுகள். ஆகவே முகத்தின் நார் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் பலகைக்கு வலிமை. நானா இதைச் சொல்லி விளக்கவில்லை. கழற்றிய பலகையிலிருந்து மூன்று அங்குல அகலத்தில் இரண்டு துண்டு அறுத்தார். ஒன்று நெடுக்கு நாரில், ஒன்று குறுக்கு நாரில். இரண்டு செங்கல்லை இரண்டடி இடைவெளியில் வைத்து, முதல் துண்டைப் பாலம்போல் போட்டுக் காலால் மிதித்தார். கொஞ்சம் வளைந்து எழும்பியது. இரண்டாவதை மிதித்ததும் முனகிக்கொண்டு தரையைத் தொட்டது. ஒரே பலகை, ஒரே கனம்.

என் பரணில் பலகைகளை, அவற்றைத் தாங்கும் மரச் சட்டங்களுக்குக் குறுக்கே போடாமல், சட்டங்களோடு சேர்த்து நெடுக்காகப் போட்டிருந்தார்கள். முகத்தின் நாரும் பலகையின் நீளத்தோடுதான் ஓடியது. அதாவது, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் இருந்த இரண்டடி வெளியைக் குறுக்கு நார்தான் தாங்கிக்கொண்டிருந்தது. ஏன் அப்படிப் போட்டார்கள்? எட்டடிப் பலகை எட்டடி ஆழத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது, வெட்டுக் கழிவு இல்லை. அதுதான் காரணம் என்று சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். பிறகு தாளில் வரைந்து பார்த்தால், மறுபக்கமாகத் திருப்பிப் போட்டாலும் அதே இரண்டரைப் பலகைதான் போகிறது. ஒரு துண்டுகூட மிச்சப்படவில்லை.

மெல்பேர்னில் இருக்கும் அத்தான் அங்கே கட்டட வேலையில் பல வருடங்களாக இருக்கிறார். வீடியோ அழைப்பில் பரணைக் காட்டியதும் முதலில் சிரித்தார். அக்கா பின்னால் நின்று அதட்டிய பிறகு பாடம் தொடங்கினார். மறுநாள் தன் வேலைத்தளத்திலிருந்து ஒரு பலகையின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பினார். பார்க்க அசிங்கமான பலகை. முடிச்சும், முடிச்சு விழுந்த ஓட்டையும், பிளவும். எங்கள் ஊர்க் கடைக்காரர் இதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது. ஆனால் அதன்மேல் மை முத்திரை இருந்தது: எஃப் 14, ஏ பிணைப்பு, டி-டி, 19-30-7.

அத்தான் வாசித்துக் காட்டினார். எஃப் என்றால் வலிமைத் தரம்; எண் ஏற ஏற வலிமை ஏறும். அதை வைத்துப் பொறியியலாளர் கணக்குப் போடலாம். ஏ என்பது பசை. டி-டி என்பது முன்முகத்தின், பின்முகத்தின் அழகுத் தரம், அதாவது இரண்டு பக்கமும் அழகுக்கு மதிப்பெண் இல்லை. கடைசி வரிசையில் 19 என்பது கனம் மில்லிமீற்றரில், 30 என்பது முகத் தகடு 3.0 மில்லிமீற்றர், 7 என்பது தகடுகளின் எண்ணிக்கை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2269 என்ற நியமம் இப்படிச் சுமை தாங்கும் பலகைக்கென்றே இருக்கிறது. உள்வீட்டு அழகு வேலைக்கான பலகைக்கு 2270, வெளிப்புற வேலைக்கானதற்கு 2271. இந்தப் பின்னிரண்டிலும் வலிமைத் தரம் கிடையாது. 2271 பலகை வெயில் மழைக்கு நிற்கும் பசையோடு வரும், ஆனாலும் அதைத் தளமாகப் போட்டு ஆளை ஏற்றச் சொல்லி யாரும் உத்தரவாதம் தரவில்லை.

எனக்கு விளங்காமல் இருந்தது இதுதான். தண்ணீர் தாங்குவது வேறு, பாரம் தாங்குவது வேறு. “வோட்டர்ப்ரூஃப்” என்று கேட்டதும் எல்லாவற்றையும் தாங்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இதை நானாவிடம் சொன்னபோது அவர் இரண்டுக்கும் அந்த இடத்திலேயே பெயர் வைத்துவிட்டார்: பாரப் பலகை, பார்வைப் பலகை. அகராதியில் ஏற்றலாம். பாரப் பலகை தளத்துக்கு, கூரைத் தட்டுக்கு, காற்றுக்குச் சுவர் சாயாமல் இறுக்கிப் பிடிப்பதற்கு. பார்வைப் பலகை அலுமாரிக் கதவுக்கு, மேசை முகப்புக்கு, உட்கூரைக்கு. பாரப் பலகையின் உள்தகடுகளில் எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. பார்வைப் பலகையில் மேலே அழகான தகடு, சில வேளை அரை மில்லிமீற்றர்கூட இராது. உள்ளே எந்த மரம், எத்தனை துண்டு, எங்கே காலி என்பது செய்தவருக்கே வெளிச்சம். நானாவின் விரலுக்குக் கேட்ட டொக் சத்தம் அதுதான்.

பசை பற்றிச் சொல்லாமல் போனால் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்தப் பதிவால் பயன் இல்லை. மலிவான உள்வீட்டுப் பலகையில் யூரியா போமல்டிஹைட் பசை. நிறம் வெளிறியது, ஓரத்தைப் பார்த்தால் பசைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது காலப்போக்கில் சிதைந்துவிடும். ஃபீனோல் போமல்டிஹைட் பசை கருஞ்சிவப்பாக இருக்கும். அறுத்த ஓரத்தில் கோடு கோடாகத் தெரியும். அதுதான் அத்தானின் முத்திரையில் இருந்த ஏ. இடையில் மெலமைன் கலந்த வகையும் உண்டு.

அத்தானுக்கு விமானப் பைத்தியம். இரண்டாம் உலகப் போரில் பறந்த மொஸ்கிட்டோ விமானத்தின் உடல் ஒட்டுப்பலகையும் பல்சா மரமும் சேர்த்துச் செய்தது என்றும், தொடக்கத்தில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையால் ஒட்டினார்கள் என்றும், ஆசியப் பகுதியின் வெக்கையிலும் ஈரத்திலும் ஒட்டு விட்டுச் சிக்கல் வந்தது என்றும் அரை மணி நேரம் சொன்னார். எனக்கு என் பரண் கவலை. ஆனால் சீனக்குடா விமானத் தளத்தைக் கடக்கும்போதெல்லாம் இப்போது பால் பசைதான் நினைவுக்கு வருகிறது.

சரி, நம் ஊர்க் கடையில் எஃப் 14 முத்திரை கிடைக்குமா? நான் ஏறி இறங்கிய நான்கு கடைகளிலும் இல்லை. இந்தியாவிலிருந்து வரும் பலகைகளில் ஐ.எஸ்., அதாவது இந்திய நியம எண்களைப் பார்த்தேன். அதுவும் ஒரு வழிகாட்டிதான். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுப் பலகை. அதில் எம்.ஆர். என்று போட்டிருந்தால் ஈரக்காற்றைத் தாங்கும் என்று மட்டுமே பொருள், தண்ணீரை அல்ல. நான் வாங்கிய பலகையின் ஓரத்தில் மங்கலாக இருந்தவை இந்த இரண்டு எழுத்துகள்தான். வாங்கும்போது அதை வாசிக்கத் தோன்றவில்லை. அதே 303இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும் பசை) என்றால் அதற்கு ஒரு படி மேல். ஐ.எஸ். 710 மரைன் பலகை, பி.டபிள்யூ.பி. பசை, அதாவது கொதிநீருக்கும் அசையாதது. ஐ.எஸ். 4990 கொங்கிறீட் தட்டுக்கு அடியில் அடிக்கும் பலகை. ஐ.எஸ். 10701 என்பது சுமை தாங்கும் பலகைக்கென்றே உள்ள எண். அதைக் கேட்டபோது ஒரு கடையில் என்னைத் தொலைபேசி எண் கேட்கிறவள் என்று நினைத்தார்கள்.

முத்திரையை நம்புவதா என்ற சந்தேகம் வந்தது. ஆய்வுகூடத்தில் உயர்தரப் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். எனக்கு அவ்வளவு பொறுமையும் விறகும் இல்லை. பழைய பலகையில் ஒரு துண்டு, 710 முத்திரை போட்ட மாதிரித் துண்டு ஒன்று, இரண்டையும் பின்வளவு அடுப்பில் பழைய சட்டியில் போட்டு அவித்தேன். அம்மா வந்து மூடியைத் திறந்து பார்த்தார். “பிள்ளை, கறிக்கு மரவள்ளி என்று நினைத்தேன், இது பலகையா?” என்றார். பிறகு உப்புப் போட்டாயா என்று கேட்டார்.

பழைய துண்டு முக்கால் மணி நேரத்தில் ஐந்தாகப் பிரிந்து மிதந்தது. அகப்பையால் ஒவ்வொரு தகடாக எடுத்து வைக்கலாம். மற்றது காலை எட்டு மணிக்குப் போட்டது, மாலை நான்கு மணிக்கும் ஒரே துண்டாக இருந்தது. கொஞ்சம் ஊதியிருந்தது, கத்தி முனையை ஓரத்தில் செருகினால் மரம்தான் பிய்ந்தது, ஒட்டு விடவில்லை. வீட்டுச் சோதனை நியமத்துக்கு ஈடாகாது என்பது தெரியும். இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் கண்ணால் பார்த்தது மனதுக்கு ஆறுதல்.

மரைன் என்ற சொல்லைக் கண்டதும் கறையானும் கிட்ட வராது என்று நினைக்க வேண்டாம். பசை தண்ணீருக்குத்தான் எதிரி. கறையானுக்குப் பசை ஒரு பொருட்டே அல்ல, மரம் இருந்தால் போதும். மருந்து ஏற்றிய பலகையா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

சுமைக்கென்றே முத்திரை போட்ட பலகை கிடைக்காததால், கடைசியில் 18 மில்லிமீற்றர் கனத்தில் 710 பலகை எடுத்தோம். பழையதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. மனம் ஒப்பவில்லைதான். அத்தான் ஒரு கணக்குச் சொல்லி வாயை அடைத்தார். பலகையின் விறைப்புக் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 12ஐ 18 ஆக்கினால் கனம் ஒன்றரை மடங்கு, விறைப்போ மூன்று மடங்குக்கு மேல். சட்டங்களின் இடைவெளியை இரண்டடியிலிருந்து 16 அங்குலமாகக் குறைத்தால் தாழ்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இரண்டையும் சேர்த்தால் அதே சுமைக்குப் பலகை வளைவது முன்னையதில் பதினேழில் ஒரு பங்கு. நாரைச் சரியாகத் திருப்பிப் போட்ட இலாபம் இந்தக் கணக்கில் சேரவில்லை. 16 அங்குலம் எட்டடிக்குள் சரியாக ஆறு முறை போகும் என்பதால் பலகையின் முனை சட்டத்தின்மேலேயே வந்து உட்காரும்.

நானா வேலை செய்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பலகையை அறுத்ததும் முதல் வேலை, அறுத்த ஓரங்களுக்கெல்லாம் இரண்டு தடவை பெயின்ற். தண்ணீர் முகத்தால் ஏறாது, ஓரத்தால்தான் உறிஞ்சும் என்றார். தோணிக்காரர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். இரண்டு பலகை சந்திக்கும் இடத்தில் ஒரு நாணயத்தைச் செருகி வைத்து இடைவெளி விட்டார்; மாரியில் ஊதும்போது ஒன்றையொன்று தள்ளி மேடு கட்டாமல் இருப்பதற்கு. துருப்பிடிக்காத திருகாணி, ஓரத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் ஓரடிக்கு ஒன்று. பழைய பரணில் ஆணி அடித்திருந்தார்கள், அதன் தலையெல்லாம் உப்புக் காற்றில் அரித்துப்போயிருந்தது.

எல்லாம் முடிந்ததும் நான் ஏ4 பெட்டியைத் தூக்கினேன். நானா கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். பலகையைத்தானே மாற்றினோம், அதைச் சுமக்கிற சட்டம் இன்னும் எட்டடி நீளத்துக்கு இடைத்தாங்கல் இல்லாமல்தானே கிடக்கிறது என்றார். ஆகவே பெட்டிகள் இப்போது கீழே, சுவரோடு, சீமெந்துத் தரையில். பரணில் கோப்பு மட்டை, வெறும் கடித உறை, அலங்காரக் காகிதம், விற்காத கலண்டர். பரணுக்கு இவ்வளவு செலவு செய்து கலண்டர் வைப்பதா என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இனி எல்லாவற்றுக்கும் பாரப் பலகைதான் என்று கிளம்பிவிடவும் கூடாது. எங்கள் உறவினர் ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டு அலுமாரியின் பின்பக்கத்துக்குக்கூட 18 மில்லிமீற்றர் மரைன் போட்டார். ஒரு முழுப் பலகை முப்பது கிலோவைத் தாண்டும். அந்த அலுமாரியை நகர்த்த இப்போது நான்கு ஆள் வேண்டும். பின்பக்கத்துக்கு 4 மில்லிமீற்றர் போதும், அது எதையும் தாங்கவில்லை, கரப்பான் வராமல் மறைக்கிறது, அவ்வளவுதான். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே மினுங்கும் தகடு ஒட்டியது. அந்தக் காலத்தில் காலிப் பக்கம் ஜின்தோட்டைத் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிக்கென்றே ஒட்டுப்பலகை செய்தார்கள். மெல்லிய பலகைதான். அம்மாவின் சேலைகளையும் என் பழைய கொப்பிகளையும் எத்தனையோ வருடம் சுமந்தது. மூலையெல்லாம் தகரப் பட்டி, சுற்றிலும் சட்டம். பாரத்தை ஏற்றது சட்டம். பலகை தன் வேலையை மட்டும் செய்தது.

கழற்றிய பழைய பலகைகளை எறியவில்லை. ஊதாத நடுப்பகுதியை அறுத்து, பேனாத் தட்டுகளுக்குப் பின்சுவராக அடித்துவிட்டோம். அந்தச் செந்நிற முகம் அங்கே அழகாகத்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் எந்த மரம் என்று கேட்கிறார்கள்.

புதிய பலகையை அடிக்கும்போது நானாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: முத்திரை உள்ள பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கதிரையில் சாய்ந்து அண்ணாந்தால் ஐ.எஸ். 710 என்ற மை எழுத்துத் தலைக்கு நேரே தெரிகிறது. போன வாரம் செயல்திட்டத்துக்கு அட்டை வாங்க வந்த ஒரு சிறுவன் அதை அண்ணாந்து பார்த்து, “அன்ரி, இந்தக் கடையின் நம்பர் 710ஆ?” என்று கேட்டான்.